லாமா மதம் என்னும் பெயர்: கண்டி மலைநாட்டிலிருந்து ஒரு விசாரணை

திபெத்து நாட்டின் சமயத்தைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பலர், அச்சமயத்தின் கோட்பாடு யாது, அது எவ்வழியாக அங்கே சென்றது என்னும் விசாரணையில் இறங்குவதற்கு முன்னரே, 'லாமா மதம்' என்றோ 'லாமாயிசம்' என்றோ அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயரோ, புத்த பகவானின் தர்மம் பனிமலைகளைக் கடந்து சென்ற இடத்தில் தன் சுபாவத்தை இழந்து, மந்திரவாதமும் பேய்வழிபாடும் கலந்த பூசாரி மார்க்கமாகத் திரிந்துவிட்டது என்ற அபிப்பிராயத்தை, நியாயம் எதுவும் கூறாமலே வாசகரின் நெஞ்சில் பதித்துவிடுகிறது. இப்பெயர் எங்கே பிறந்தது, எவர் வாயில் வளர்ந்தது, இன்று அதை வழங்குவது தகுமா என்பவற்றை ஆராய்வதற்குக் கண்டி மாநகரும் அதைச் சூழ்ந்த மலைநாடும் பொருத்தமான களம் என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மல்வத்தை, அஸ்கிரிய என்னும் தேரவாதத் தலைமைப்பீடங்கள் அமைந்த ஊர் இது. பாளி நெறியின் தூய்மையைப் பற்றி இவ்வூரைப் போல அக்கறை கொண்ட ஊர்கள் அரியன. ஆயினும் திபெத்தைத் தாழ்த்தி மதிப்பிட உதவிய அளவுகோல் இந்தத் தீவிலிருந்தே எடுத்துச் செல்லப்பட்டது. அம்மதிப்பீட்டை மறுக்கும் சாட்சியங்களிற் பலவும் இத்தீவிலே, சிறப்பாக இம்மலைகளிலே, கிடக்கின்றன.

லாமா என்பது திபெத்திய மொழியில் குருவைக் குறிக்கும் சொல். வடமொழி நூல்களைப் பெயர்த்த பண்டிதர்கள் 'குரு' என்ற பதத்துக்கு நேராக இதனை வழங்கினார்கள். மடத்தில் வாழும் துறவியர் எல்லாரும் லாமாக்கள் ஆகார். முழுத் துறவு ஏற்ற பிக்குவுக்குக் 'கெலோங்' என்ற தனிப்பெயர் உண்டு. தம் சமயத்தை அவர்கள் தர்மம் என்ற பொருளுடைய 'சோ' என்ற சொல்லாலும், தம்மை உள்ளிருப்போர் என்ற பொருளில் 'நங்பா' என்ற சொல்லாலும் குறிப்பார்களேயன்றி, லாமாக்களின் மதம் என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. அவ்வாறு சொன்னவர்கள் அண்டை நாட்டவராகிய சீனர். சியென்லுங் பேரரசர் 1792ஆம் ஆண்டு பீக்கிங் நகரத்து யோங்ஹே ஆலயத்தில் நான்கு மொழிகளில் பொறிப்பித்த கல்வெட்டொன்று லாமாக்களைப் பற்றியே பேசுகிறது. அவர்களைத் தாம் ஆதரித்தது மங்கோலியரை அமைதியாக வைத்திருக்கும் இராஜதந்திரத்தின் பொருட்டே என்று அவர் அதில் சமாதானம் சொல்லுகிறார். ஆக, பெயர் தோன்றிய சூழலிலேயே அரசியல் கலந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பிரயாணிகளின் நூல்களில் ஏறிய அச்சொல், அதற்கடுத்த நூற்றாண்டில் சாஸ்திரீய வழக்காகவே நிலைபெற்றுவிட்டது.

அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பௌத்தத்தைப் படித்த விதம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்து, இங்குள்ள பிக்கு ஒருவரிடம் பாளி கற்று, பின்னர் 1881இல் பாளி நூற் சங்கத்தை ஸ்தாபித்தவர் ரைஸ் டேவிட்ஸ். அவர் 1870களில் எழுதிய பௌத்தம் பற்றிய கைந்நூலில், மழித்த தலை, மணி, செபமாலை, படிமம், புனிதநீர் ஆகியவற்றையெல்லாம் அடுக்கிக்காட்டி, திபெத்திய சமயத்தை ரோமன் கத்தோலிக்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். இவ்வொப்புமையை முதலிற் கண்டவர்கள் கத்தோலிக்கப் பாதிரிமாரே. 1846இல் லாசா நகரத்தை அடைந்த ஹுக் பாதிரியார் அச்சடங்குகளைக் கண்டு பெருவியப்புற்றார். ஆனால் புரொட்டஸ்தாந்தியர் கையில் அவ்வொப்புமை ஒரு படைக்கலமாயிற்று. ஆதியில் ஓர் ஆசாரியர் தூய அறநெறியைப் போதித்தார், பிற்காலத்துப் பூசாரிக் கூட்டம் அதைச் சடங்கில் மூழ்கடித்தது என்னும் கதையை அவர்கள் ரோமாபுரியைக் குறித்து முன்னமே எழுதிவைத்திருந்தார்கள். அதே கதை இப்போது லாசாவுக்கும் வாசிக்கப்பட்டது. தூய ஆதிநெறிக்கு இலங்கையின் பாளி ஏடுகளும், அதன் வீழ்ச்சிக்குத் திபெத்தும் உதாரணங்களாயின.

இக்கருத்துக்கு முழு உருவம் கொடுத்தவர் ஆஸ்டின் வாடெல். இந்திய வைத்திய சேவையில் அதிகாரியாக இருந்த இவர் டார்ஜிலிங் பகுதியில், திபெத்தியக் கோயிலொன்றை அதன் பாத்திர பண்டங்கள் அனைத்துடனும் விலைகொடுத்து வாங்கி, அதன் துறவியரைக்கொண்டே சடங்குகளை விளக்கச்செய்து குறிப்பெடுத்தவர். மேற்றிசைப் புத்தராகிய அமிதாபரின் சாயலாகத் தம்மை அத்துறவியர் கருதினர் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 1895இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் தலைப்பே திபெத்தின் பௌத்தத்தை 'அல்லது லாமாயிசம்' என்று அடையாளப்படுத்தியது. அந்நூலில் அடங்கிய தகவற் செல்வத்தை எவரும் மறுக்க இயலாது. ஆனால் தமக்குச் சோறிட்ட வீட்டைப் பழிப்பதுபோல, தாம் விவரிக்கும் ஒவ்வொன்றையும் மேற்பூச்சான பௌத்தம், உள்ளே பேய்வழிபாடு என்று ஒதுக்கிச் செல்லும் அவருடைய தொனி, அவருக்குப் பின்வந்தோருடைய செவிகளில் நெடுங்காலம் ஒலித்துக்கொண்டிருந்தது.

அத்தொனி இந்த மலைநாட்டிலும் ஒலித்தது என்பதற்கு, கம்பளைக்கு அருகில் வாரியகொடை என்னுமிடத்தில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஆசிரமம் அமைத்த ஒரு ஜெர்மானியரின் சரித்திரம் சான்று. எர்ன்ஸ்ட் லோதர் ஹோஃப்மன் என்பது அவருடைய இயற்பெயர், 1898இல் பிறந்தவர், 1928இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, தொடந்துவை ஏரித்தீவில் ஞானதிலோக மகாதேரர் நிறுவியிருந்த ஆசிரமத்தைச் சேர்ந்து, பிரமசரிய விரதம் பூண்டு, அநாகாரிக கோவிந்தர் என்று பெயர் பெற்றார். பாளியும் அபிதர்மமும் பயின்ற அவர், தாழ்நிலத்து வெப்பம் ஒவ்வாமையாலோ தனிமையின் நாட்டத்தாலோ மலைநாட்டுக்கு ஏறிவந்து வாரியகொடையில் குடில் அமைத்தார். 1931இல் டார்ஜிலிங்கில் அகில இந்திய பௌத்த மகாநாடு கூடியபோது அவர் அங்கே சென்ற நோக்கத்தைப் பிற்காலத்துச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: பேய்வழிபாடாகத் தாழ்ந்துவிட்ட ஒரு நாட்டில், இலங்கையில் காக்கப்பட்ட தூய தர்மத்தை எடுத்துரைப்பதே அது. வாடெல் மனத்தில் வைத்திருந்த சித்திரத்தையே கோவிந்தரும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அங்கே நிகழ்ந்தது அவர் எதிர்பாராதது. கூம் என்னும் ஊரிலுள்ள யிகா சோலிங் மடத்தில் தங்க நேர்ந்த அவர், அம்மடத்தின் தலைவரான தோமோ கெஷே ரின்போச்சேயைச் சந்தித்தார். அவரையே குருவாக வரித்தார். ஆசிரமம் அமைத்து அதிக காலம் ஆகாத கம்பளைக் குன்றை அவர் நிரந்தரமாகத் துறந்தார். லாமா கோவிந்தர் என்ற பெயரோடு 1985 வரை வாழ்ந்தார். 1966இல் வெளிவந்த 'வெண்மேகங்களின் வழி' என்ற அவருடைய நூல், மேற்குலகினர் திபெத்தை நோக்கிய நோக்கையே மாற்றிய நூல்களுள் ஒன்று. கோவிந்தரின் மனமாற்றத்தைக்கொண்டு திபெத்தியரின் கோட்பாடு சரி என்றோ தேரவாதம் குறையுடையது என்றோ முடிவுகட்டுவது பேதைமை. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது ஒன்றே: நேரில் காணாத ஒரு சமயத்தைப் பற்றிய தீர்ப்பு, கண்டவுடன் நில்லாமற் போயிற்று.

அக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் என்ற காரணத்தால் சிறைவைக்கப்பட்ட பௌத்தத் துறவியருள், தியத்தலாவையிலிருந்து டேராடூனுக்கு அனுப்பப்பட்ட ஞானபோனிக தேரரும் ஒருவர். அங்கே அவரும், அதே முகாமில் சிறைவைக்கப்பட்டிருந்த கோவிந்தரும் ஒரே விடுதிப் பகுதியில் வாழ்ந்து, சாஸ்திர விசாரணையில் காலம் கழித்தார்கள். ஞானபோனிகர் 1952 முதல் தம் இறுதிவரை கண்டி உடவத்தகலே வனத்தின் ஆசிரமத்தில் வசித்தவர். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கிப் பாளி நெறியை உலகெங்கும் பரப்பியவர். தேரவாதத்தில் அணுவளவும் தளராதவர். அவர் வஜ்ரயானியாகிய கோவிந்தரோடு ஆயுள் முழுவதும் நட்புப் பூண்டிருந்தார் என்பது, மாறுபட்ட நெறியினரை மதிப்பதற்குத் தம் நெறியைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இவ்வூரே தரும் நல்ல உதாரணம்.

இனி, ஐரோப்பியர் வருவதற்கு முன்னர் இம்மலைநாட்டவரே இந்நெறியைப் பற்றி என்ன கருதினர் என்பதைப் பார்க்கவேண்டும். கண்டிக்கு மேற்கே கடலாதெனிய விகாரை 1344இல் கணேசுவராசாரி என்ற தென்னாட்டுச் சிற்பியின் தலைமையில் எழுந்தது. அதற்கு அணித்தாயுள்ள லங்காதிலக விகாரை அதே காலத்தது, தமிழ்ச் சாசனமும் உடையது. இந்தக் கடலாதெனிய விகாரையின் தலைவராக விளங்கிய ஜயபாகு தேவரட்சித தர்மகீர்த்தி, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'நிகாய சங்கிரகம்' என்னும் சிங்கள நூலை இயற்றினார். சாசனத்தில் தோன்றிய பிரிவுகளையெல்லாம் கணக்கெடுக்கும் அந்நூல், ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் சேனன் ஆண்டபோது, வஜ்ரபர்வத நிகாயத்தைச் சேர்ந்த துறவி ஒருவர் பாரதநாட்டிலிருந்து வந்து அபயகிரியின் வீராங்குர ஆராமத்தில் தங்கி, அரசனுக்கே 'வஜிரியவாதத்தை' உபதேசித்தார் என்று குறிப்பிடுகிறது. மாயாஜால தந்திரம், சக்ரசம்வர தந்திரம் முதலான நூல்களைப் பாஷாண்டரின் படைப்புகள் என்று கண்டிக்கிறது. நூலாசிரியரின் கண்டனம் கடுமையானதுதான். ஆனால் அதன் பாங்கைக் கவனிக்கவேண்டும்: அவர் அந்நெறியை சாசனத்தின் உள்ளே தோன்றிய தவறான பிரிவு என்று எண்ணினாரேயன்றி, பௌத்தத்துக்குப் புறம்பான மதமொன்றின் பெயரை அதற்கு இடவில்லை. எதிரியாயினும் உறவினன் என்பதை அவர் அறிந்திருந்தார். வாடெல் பட்டியலிட்ட தந்திரங்களிற் சிலவற்றை ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே கம்பளை இராச்சியத்துப் பிக்கு ஒருவர் பெயர் பெயராக அறிந்திருந்தார் என்பது சிந்தனைக்குரியது.

உறவு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு அநுராதபுரத்துக் கற்களே சான்று. அபயகிரியில் கிடைத்த, தாரணி என்னும் மந்திர வாசகங்கள் பொறித்த கல்வெட்டுகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று நெடுங்காலம் துணியப்படாதிருந்தன. 1982இல் கிரெகரி ஷோபென் என்னும் அறிஞர், அவை திபெத்திய மொழித் திரிபிடகமாகிய கஞ்சூரில் மொழிபெயர்ப்பாக நின்றுநிலவும் ஒரு தாரணி நூலின் வாசகங்கள் என்று இனங்கண்டார். இலங்கையில் கல்லில் எழுதியதை வாசிக்கத் திபெத்தின் ஏடு துணைநின்றது! எட்டாம் நூற்றாண்டில் சீனாவுக்கு மந்திரநயத்தைக் கொண்டுசென்ற வஜ்ரபோதி, காஞ்சிப் பல்லவன் நாட்டில் வற்கடம் நீங்க மழை வேண்டிப் பிரார்த்தித்தவர் என்று சீனச் சரிதங்கள் கூறும். அவர் இலங்கைக்கு வந்து அபயகிரியில் தங்கி, இன்று சிவனொளிபாதம் என்று நாம் தொழும் மலையின் சிகரத்தையும் ஏறியிருக்கிறார். அவருடைய மாணாக்கர் அமோகவஜ்ரர் 741இல் சீனாவிலிருந்து புறப்பட்டு இத்தீவுக்கு வந்தது, அந்நெறியின் நூல்களைத் திரட்டுவதற்காகவே. இலங்கையிற் பிறந்த ஜயபத்ரர், கங்கைக்கரை விக்ரமசீலத்தில் தாந்திரிக ஆசாரியராக அமர்ந்து, சக்ரசம்வர தந்திரத்துக்குத் தொன்மையான உரைகளுள் ஒன்றை வகுத்தார். அவ்வுரை திபெத்தியரின் உரைத்தொகுதியாகிய தஞ்சூரில் இன்றும் இடம்பெற்றிருக்கிறது. லாசாவின் துறவிகள் தம் பரம்பரையில் ஒரு சிங்களரை வணங்க, அவருடைய நாட்டவர் அந்தப் பரம்பரையை அந்நியம் என்று நினைப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கண்டி நகரத்தின் நடுவிலேயே இவ்வுறவின் உயிருள்ள சின்னம் ஒன்று இருக்கிறது. புத்தரின் புனிதப் பல்லைப் பேணும் தலதா மாளிகைக்கு எதிரே நிற்கும் நாத தேவாலயம், கம்பளையில் ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது என்பர். நகரத்தில் இன்றுள்ள கட்டடங்களில் மிகப் பழையது அதுவே. திராவிடச் சிற்பமுறையின் சாயலை அதன் விமானத்தில் எவரும் காணலாம். நாதர் என்று அங்கே எழுந்தருளியிருப்பவர் மகாயானத்தின் கருணைத் திருவுருவாகிய அவலோகிதேசுவரரே. கண்டி மன்னர் பட்டம் சூடியபோது தம் அரச நாமத்தைப் பெற்ற இடம் அவருடைய சந்நிதி. எசல பெரஹெரவில் தலதாவின் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்னும் நால்வரின் ஊர்வலங்களும் வருகின்றன. மகாயானம் மறைந்தபின் தேரவாதிகள் அவரை வெளியேற்றவில்லை. வருங்காலப் புத்தராகிய மைத்திரேயர் என்று விளங்கிக்கொண்டு வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். இதே அவலோகிதரைத்தான் திபெத்தியர் தம் நாட்டின் காவற்கடவுளாகவும், தலாய் லாமாவை அவருடைய அவதாரமாகவும் கொள்கிறார்கள்.

தமிழருக்கு இதில் நெருக்கமான பங்கொன்று உண்டு. அவலோகிதரின் உறைவிடம் தென்பாரதத்தின் மலய மலைக்கு அருகேயுள்ள போதலகம் என்று யுவான் சுவாங் எழுதினார். அது நம் பொதிகையே என்று கொள்ளும் ஆராய்ச்சியாளர் பலர். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் செய்த புத்தமித்திரனார், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதனிடத்தில் என்று தம் நூலில் உரைக்கிறார். லாசாவில் ஐந்தாம் தலாய் லாமா 1645இல் எழுப்பத் தொடங்கிய பொதாலா அரண்மனையின் பெயரும் அந்தப் போதலகத்தின் பெயரே. இவ்வளவும் அறிந்த தமிழன், பொதாலாவில் வழங்கும் சமயத்தைத் தனக்கு எவ்வித சம்பந்தமும் இல்லாத விநோத மதமாகக் காட்டும் பெயரைத் தயங்காமல் எழுதுவது எப்படி? இம்மலைநாட்டிலும், மாத்தளைக்கு வடக்கே பல்லவர் பாணியில் அமைந்த நாலந்த கெடிகே என்னும் கோயிலின் அடித்தளத்திலுள்ள மிதுனச் சிற்பத்தைத் தாந்திரிகத்தின் அடையாளமாகக் காண்போர் உளர். ஒற்றைச் சிற்பத்தைக்கொண்டு அதிகம் ஊகிப்பதற்கில்லை.

திபெத்தியரின் சரித்திரத்தைச் சுருக்கமாக நோக்கினும் இதே முடிவுதான் கிடைக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சாந்தரட்சிதரும் பத்மசம்பவரும், 1042இல் அதீசரும் பாரதத்திலிருந்து சென்றார்கள். மூலசர்வாஸ்திவாத விநயம் அங்கே பிக்குகளின் ஒழுக்கநூலாயிற்று. தருமகீர்த்தியின் தர்க்கமும் நாகார்ச்சுனரின் மத்தியமகமும் மடங்களின் பாடத்திட்டமாயின. ராகுல சாங்கிருத்யாயனர் களனி வித்தியாலங்காரப் பிரிவேனாவில் வடமொழி கற்பித்துப் பாளி பயின்றபின், அங்கிருந்தே புறப்பட்டு 1929இல் திபெத்தை அடைந்தார். அடுத்த பத்தாண்டுக் காலப் பயணங்களில் பாரதத்தில் அழிந்துபோன வடமொழிச் சுவடிகளை அம்மடங்களில் அவர் கண்டெடுத்தார். நாளந்தாவின் நூலகம் எரிந்தபின் அதன் படிப்பைக் காத்தவர்களை மந்திரவாதிகள் என்று மட்டும் சொல்லிவிடுவது நன்றியின்மை.

லாமாயிசம் என்ற சொல்லை ஆதரிப்போரின் வாதத்தையும் கேட்கவேண்டும். மறுபிறவி எடுத்த குருமாரைக் குழந்தைப் பருவத்தில் தேடிக் கண்டுபிடித்து மடாதிபதிகளாக்குவது, 1642 முதல் சமயத் தலைமையும் அரசாட்சியும் ஒருவர் கையில் கூடியது, புத்தர், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளுக்கும் முன்னே குருவைச் சரண்புகுவது ஆகியவை வேறெந்தப் பௌத்த நாட்டிலும் இல்லாதவை. தனித்தன்மைக்குத் தனிப்பெயர் வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. வாதம் அற்பமானதன்று. ஆயினும் தனித்தன்மை இல்லாத பௌத்தம் எங்கே இருக்கிறது? கண்டியின் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரை நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னர் காலத்தில், 1753இல், சியாமிலிருந்து உபசம்பதை என்னும் உயர்துறவு மீட்டுக் கொணரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே உயர்துறவு கொவிகம குலத்தாருக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட, அதை எதிர்த்தோர் பர்மாவுக்குச் சென்று அமரபுர நிகாயத்தைக் கண்டார்கள். விகாரைகளுக்கு உரிய பெருநிலங்கள் குருவின் மருகனாகிய சீடனுக்கு வழிவழி இறங்குவதும் இங்கே வழக்கம். பலிச் சடங்கும் யக்கு ஆட்டமும் பிரித் நூலும் கிராமத்தாரின் வாழ்வில் விகாரை வழிபாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. ரிச்சர்ட் கோம்பிரிச் கண்டிக்கு அண்மையில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட நூல், இக்கலப்பைச் சிதைவு என்று கொள்வது தவறு, பௌத்தம் தோன்றிய நாளிலிருந்தே தேவர் வழிபாடு அதனோடு ஒட்டி வாழ்ந்தது என்று நிறுவியது. இவ்வளவும் இருந்தும் இதற்கு 'நாயக்கர் மதம்' என்றோ, தேவாலயங்களை நிருவகிக்கும் நிலமேமாரின் பெயரால் 'நிலமே மதம்' என்றோ எவரும் பெயரிடவில்லை. பௌத்தம் என்றே சொல்லுகிறோம். குருவை ஈசனாகவே கொண்டாடும் நம் சைவசித்தாந்தத்தையும் எவரும் குருவிசம் என்று அழைத்ததில்லை.

பெயரைப் பற்றிய மனவருத்தம் இந்நாட்டவர் அறியாத அனுபவமுமன்று. வட நாட்டு மகாயானிகள் இட்ட 'ஹீனயானம்', அதாவது இழிந்த ஊர்தி, என்ற சொல்லை ஐரோப்பிய அறிஞர் எடுத்தாண்டு, இலங்கை, பர்மா, சியாம் நாடுகளின் பௌத்தத்துக்கு அதையே பெயராக்கியிருந்தார்கள். பாளிப் பேராசிரியர் மலலசேகரரின் முயற்சியால் 1950ஆம் ஆண்டு கொழும்பில் தோன்றிய உலக பௌத்த சம்மேளனம், தென்னாட்டுப் பௌத்தத்தைக் குறிக்க ஹீனயானம் என்ற சொல்லை இனி வழங்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மகாயான நாடுகளின் பிரதிநிதிகளும் அதற்கு இசைந்தார்கள். அத்தீர்மானத்தின் நியாயம் எளியது: ஒரு சமயத்தாருக்குப் பிறர் இட்ட பெயர் அவர்களை இழிவுபடுத்துமாயின், அவர்கள் தமக்குத் தாமே வழங்கும் பெயரே சபையேறவேண்டும். இஸ்லாத்தை 'முகம்மதியம்' என்று எழுதிய காலமும் இதே நியாயத்தால் முடிவுற்றது. தேரவாதிகள் தமக்குப் பெற்ற மரியாதையைத் திபெத்தியருக்கு மறுப்பது முறையாகாது.

மாற்றுப்பெயர் எது என்பதில் முழுத் தெளிவு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வஜ்ரயானம் என்றால் ஜப்பானியரின் ஷிங்கோன் மரபும் நேபாளத்து நேவார் மரபும் அதில் அடங்கும். அன்றியும் திபெத்தியரின் சூத்திரப் படிப்பையும் விநய ஒழுக்கத்தையும் அச்சொல் சுட்டாது. திபெத்திய பௌத்தம் என்றால் மங்கோலியரும் பூட்டானியரும் லடாக்கியரும் சிக்கிமியரும் தேசப்பெயரொன்றுள் அடைபடுகிறார்கள். இங்கே எஸ். மகிந்த தேரரை நினைக்காதிருக்க முடியாது. சிக்கிமில் திபெத்திய இனத்தில் 1901இல் பிறந்து, இளமையில் இலங்கைக்கு வந்து, தேரவாதத் துறவியாகி, சிங்களத்தில் விடுதலைப் பாடல்கள் பாடிய அவரைத் திபெத்தினர் என்ற அடைமொழியோடே இந்நாடு கொண்டாடுகிறது. ஒருவருடைய இனமும் நெறியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இக்குறைகள் இருப்பினும், 'திபெத்திய பௌத்தம்' என்ற தொடர் இரண்டு உண்மைகளைச் சரியாகச் சொல்லிவிடுகிறது: அது பௌத்தம், அது திபெத்து மொழியின் வழியே வளர்ந்தது. அதைவிடச் சிறந்த பெயர் கிடைக்கும்வரை அதுவே போதும்.

ஆகவே தமிழில் பாடநூல் எழுதுவோரும், கலைக்களஞ்சியம் தொகுப்போரும், பத்திரிகையாசிரியரும் லாமா மதம், லாமாயிசம் என்னும் சொற்களை விலக்கி, திபெத்திய பௌத்தம் என்று எழுதவேண்டும்; வாடெல் முதலியோரின் நூற்பெயர்களைக் கூறுமிடத்து மட்டும் அச்சொல் உள்ளவாறே நிற்கட்டும். லாமா என்ற சொல்லையும், துறவி யாவரையும் குறிக்கப் பயன்படுத்தாமல், குரு என்ற அதன் உரிய பொருளிலேயே ஆளவேண்டும்.